யாருக்கு வேண்டுதல்

வால்பாறை
16.6.2024

அன்பு மதினிக்கு,

பாண்டீஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. நானும் அவரும் சுகம். அண்ணன், அம்மா, பிள்ளைகள், நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

கடிதம் வந்திருக்கிறதே என்று பதறிவிடாதீர்கள். எஸ்டேட் குவார்ட்டர்ஸில் டவர் கிடைக்காது, சாலை வளைவில் போய் நின்றுதான் பேச வேண்டும். பேசினாலும் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், தெருவே கேட்கும். இதைத் தெரு கேட்க வேண்டாம் என்றுதான் நீங்கள் வேலை பார்க்கும் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா சொன்னார். "உன் மதினி விடியக்காலம் எந்திரிச்சு வெறுங்காலோட கொப்புடையம்மன் கோயிலுக்கு நடக்குறாடி. யாருக்குன்னு வாயத் தொறந்து சொல்லல. எனக்குத் தெரியாதா? ஒனக்குப் பிள்ளை வரம் கேட்டுத்தேன்." நான் அந்த வளைவிலேயே நின்று அழுதேன். லாரியில் போன ஒருவர் சாவுச் செய்தி என்று நினைத்து வண்டியை நிறுத்தி, "என்னம்மா, ஊர்ல ஏதும் துட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது, மதினி. என் மாமியார் வீட்டில், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில், விசேஷ வீடுகளில் எல்லாம் என்னைக் கேள்விதான் கேட்டிருக்கிறார்கள். எனக்காகக் காலை நோக வைத்துக்கொண்டவர் நீங்கள் ஒருவர்தான். அதுவும் இரண்டு பிள்ளைகளைக் கிளப்பி அனுப்பிவிட்டு வேலைக்கும் ஓடுகிறவர்.

நீங்கள் வெறுங்காலில் நடக்கும்போது நான் செருப்பு மாட்டுவது நியாயமில்லை. தொழிலாளர் லைன் வீடுகளுக்கு மேலே ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்று முதல் நானும் செருப்பில்லாமல் அங்கே போகிறேன். மழை பிடித்துவிட்டது. அட்டை கடிக்கிறது, கடிக்கட்டும்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உங்கள் பாதம் தொட்டு,
பாண்டீஸ்வரி


காரைக்குடி
22.6.2024
(எழுதித் தபாலில் சேர்க்காதது)

அன்புள்ள பாண்டி,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதவே கை கூசுகிறது.

உன் கடிதத்தைப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டுப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். நான் உனக்காக நடக்கவில்லை, பாண்டி.

சித்திரையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் நடந்தது. "சக்கரை இன்னும் உள்ள வரலம்மா, வாசப்படியில நிக்குது. தினமும் ஒரு மணி நேரம் வேகமா நடந்தீங்கன்னா அப்படியே திரும்பிப் போயிரும்" என்றார் டாக்டர். என் அம்மாவுக்குச் சர்க்கரையில் கால் எடுத்தது உனக்குத் தெரியும். பயந்துபோய் அன்றைக்கே உன் அண்ணனிடம் சொன்னேன். "வீட்டு வேலையக் குனிஞ்சு நிமுந்து செஞ்சாலே போதும். விடியக்காலம் நீ கைய வீசிக்கிட்டு ரோட்ல போனா, பிள்ளைகளுக்கு யாரு டிபன் கட்டுறது?" என்றார். அத்தை தன் பங்குக்கு, "ஒடம்பைக் குறைச்சு யாருக்குடி காட்டப்போற?" என்றார். சின்னவன் சிரித்தான். எனக்கு வந்த அவமானத்தில் பேச்சை அதோடு விட்டேன்.

வைகாசியில் ஒரு நாள் மனது கேட்காமல் எழுந்து கிளம்பிவிட்டேன். வாசலில் அத்தை கோலம் போட்டுக்கொண்டிருந்தார். "எங்குட்டு கிளம்பிட்ட?" என்றார். "கோயிலுக்கு அயித்தை. ஒரு வேண்டுதல்" என்று வாயில் வந்துவிட்டது. "யாருக்கு?" வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாது என்பார்களே, அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "பாண்டிக்கா?" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

மறுநாள் முதல் அத்தை முட்டி வலியோடு எழுந்து சட்னி அரைக்கிறார். உன் அண்ணன் டிபன் கட்டுகிறார். எனக்குச் சர்க்கரை என்றபோது அசையாத வீடு, சாமி என்றதும் ஒதுங்கி வழிவிட்டது. வெறுங்காலோடுதான் கிளம்புகிறேன். பூக்கூடையில் வாழை இலைக்கு அடியில் கான்வாஸ் ஷூ இருக்கிறது. கோயில் வாசலில் அவசரமாக ஒரு கும்பிடு. அப்புறம் கல்லூரிச் சாலைக்குப் போய் ஷூவை மாட்டிக்கொண்டு வீசி நடக்கிறேன். யாரும் அம்மா என்றோ ஏய் என்றோ கூப்பிடாத நேரம் ஒரு நாளில் எனக்கு அதுதான். அதில் நான் சந்தோஷமாக இருக்கிறேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருப்பதும் அதுதான்.

இதை நாளைக்கு அனுப்ப வேண்டும்.

சத்தியப்பிரியா


காரைக்குடி
25.6.2024

அன்புள்ள பாண்டிக்கு,

உன் மதினி ஆசிகளுடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி.

கடிதம் கிடைத்தது. என்னைப் பற்றிப் பெரிதாக எழுதியிருக்கிறாய், அதெல்லாம் ஒன்றுமில்லை. நீ செருப்பைப் போட்டுக்கொள். வேண்டுதலுக்கு அப்படி விதி எதுவும் கிடையாது. மழைக்காலத்தில் அட்டைக் கடியை அலட்சியம் செய்யாதே. பெரியவளுக்கு இந்த வருடம் பத்தாவது, வீடு ஒரே பரபரப்பு. அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு.
சத்தியப்பிரியா


வால்பாறை
11.8.2024

அன்பு மதினிக்கு,

வணக்கம். இங்கே விடாத மழை. துணி காயவில்லை, நாங்கள் மட்டும் சுகம். ஆடிக்கு அங்கே கூழ் ஊற்றியதாக அம்மா சொன்னார். உங்கள் கால் எப்படி இருக்கிறது? ராத்திரியில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

ஒரு கடிதம்தான் எழுதினீர்கள், அதுவும் நாலு வரி. உங்கள் குணம் எனக்குத் தெரியும், செய்ததைச் சொல்லிக் காட்ட மாட்டீர்கள்.

இந்த மாதமும் இல்லை, மதினி. இதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அதையே கடைசியில் எழுதுகிறேன். முன்பெல்லாம் இல்லை என்று தெரிந்தால் அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். இப்போது முதலில் உங்கள் ஞாபகம்தான் வருகிறது. அங்கே ஒருத்தி தூக்கத்தை விட்டு நடக்கிறாள், நாம் இப்படி ஏமாற்றுகிறோமே என்று உடம்பெல்லாம் கூசுகிறது. ஒருவேளை என் வேண்டுதலில்தான் குறையோ என்று இப்போது கோயில் படியேறும்போது ஒருவரோடும் பேசுவதில்லை. செருப்பு போடச் சொல்லி அவர் தினமும் சண்டை பிடிக்கிறார். நீங்கள் நிறுத்தும் அன்றைக்கு நானும் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.
பாண்டீஸ்வரி


காரைக்குடி
15.9.2024

அன்புள்ள பாண்டிக்கு,

ஆசிகள். நலம். உடனே பதில் போட முடியவில்லை. காலாண்டுத் தேர்வு, அலுவலகத்தில் ஆண்டு விழா வேலை, சின்னவனுக்குக் காய்ச்சல். இவற்றில் எது காரணம் என்று கேட்டால் எதுவும் இல்லை.

நீ எனக்கு எந்தக் கணக்கும் சொல்ல வேண்டியதில்லை, பாண்டி. என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. தயவுசெய்து கேட்காதே. நடப்பதை நிறுத்திவிடலாமா என்று நானும் யோசித்தேன். அத்தையிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "பாதியில விட்டா ஆத்தா கோவிச்சுக்குவா" என்று ஒரே பிடியாக நிற்கிறார். எனக்கும் நிறுத்த மனம் வரவில்லை. ஏன் என்று நேரில் பார்க்கும்போது சொல்கிறேன்.

ஆஸ்பத்திரி மாத்திரையைத் தவறாமல் சாப்பிடு. டாக்டர் சொல்வதைக் கேள், மற்றவர்கள் சொல்வதைக் கேட்காதே. என்னையும் சேர்த்துத்தான்.

சத்தியப்பிரியா


வால்பாறை
17.11.2024

என் அருமை மதினிக்கு,

கோடி வணக்கம். செய்தியைப் போனிலேயே கேட்டுவிட்டீர்கள். ஸ்பீக்கரில் அம்மா போட்ட குலவைச் சத்தத்தில் நான் உங்களிடம் பேச நினைத்தது ஒன்றும் பேச முடியவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

மூன்று மாதம் ஓடிவிட்டது. வாந்தி, தலைசுற்றல், ஆனால் அதெல்லாம் எனக்குக் கல்கண்டு. டாக்டர் ஸ்கேனில் காட்டினார். அவர், அதான் உங்கள் மாப்பிள்ளை சேவுகப்பெருமாள், வெளியே வந்ததும் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "உங்க மதினிக்கு ஒரு பட்டுச்சேலை எடுக்கணும்." பிள்ளை பிறக்கும்வரை நடையை நிறுத்திவிடாதீர்கள். இதை நான் கேட்பது பேராசைதான்.

நானும் நிறுத்தவில்லை. முந்தாநாள் கோயில் படியில் பாசி, வெறுங்கால் வழுக்கிவிட்டது. பக்கத்துக் கம்பியைப் பிடித்ததால் உட்கார்ந்த மாதிரி விழுந்தேன். இடுப்பில் லேசான வலி, வேறு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். அவரிடமும் சொல்லவில்லை. நீங்கள் அங்கே நடக்கும்போது இங்கே எனக்கு ஒன்றும் வராது.

உங்கள் பாண்டி


காரைக்குடி
20.11.2024
விரைவுத் தபால்

பாண்டி,

இதைப் படித்து முடித்ததும் செருப்பைப் போட்டுக்கொள். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் இடுப்பைக் காட்டு. மற்றதெல்லாம் பிறகு. போனில் சொன்னால் அத்தை பக்கத்தில் நின்று கேட்பார், அதனால்தான் விரைவுத் தபால்.

நான் உனக்காக நடக்கவில்லை. எந்தச் சாமியிடமும் உனக்காக எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. எனக்குச் சர்க்கரை வரப்போகிறது என்று டாக்டர் நடக்கச் சொன்னார். எனக்கு நடக்க வேண்டும் என்று கேட்டபோது இந்த வீட்டில் ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை. வேண்டுதல் என்று சொன்னேன், கிடைத்தது. உனக்கா என்று அத்தை கேட்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த மௌனத்தில்தான் ஆறு மாதமாக நடந்துகொண்டிருக்கிறேன். வெறுங்காலும் கோயில் வரைக்கும்தான், அப்புறம் ஷூ.

ஜூன் மாதமே எழுதி, அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். சொன்னால் அந்த ஒரு மணி நேரம் போய்விடும் என்று பயந்தேன். உன் காலில் அட்டை கடிப்பது தெரிந்தும் பயந்தேன். போன மாதம் ரத்தம் சோதித்தேன், சர்க்கரை நன்றாக இறங்கிவிட்டது, டாக்டர் சபாஷ் என்றார். வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்ல முடியவில்லை. நீ வழுக்கி விழுந்ததைப் படித்த பிறகு அந்த ரிப்போர்ட்டைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

என்னைத் திட்டி எழுது. ஆனால் செருப்பைப் போட்டுக்கொண்டு எழுது.

சத்தியப்பிரியா


காரைக்குடி
12.1.2025

அன்புள்ள பாண்டிக்கு,

பொங்கல் வாழ்த்துகள். நீ நலமாக இருக்கிறாய், இடுப்பில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதாக அத்தையிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் எல்லோரையும் விசாரிக்கிறாய். வீட்டுக் கிடாயைக்கூட விசாரித்தாய். நான் அடுப்படியில் நின்று என் பெயர் வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வரவில்லை. நியாயம்தான்.

நீயாகச் சொல்லி அத்தைக்குத் தெரிவதைவிட நானே சொல்வது மேல் என்று கார்த்திகை முடிவதற்குள் சொல்லிவிட்டேன். எச்சில் துப்பாத குறை. "சாமி பேரைச் சொல்லியா ஏமாத்துன? எம்மக வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு இருக்கா. வேண்டுதல அந்தரத்துல விட்டா ஆத்தா சும்மா இருப்பாளா?" என்றார். "நான்தான் வேண்டவே இல்லையே அயித்தை" என்றேன். "நீ வேண்டல. நீ நடக்குறன்னு நம்பித் தெனமும் நான் வேண்டினேன்ல? இப்ப ஆத்தாகிட்ட நான் எந்த மூஞ்சியோட நிக்கிறது?" என்றார்.

மறுநாள் விடிவதற்குள் கூடையை எடுத்துக்கொண்டு அவரே வெறுங்காலில் கிளம்பிவிட்டார். அறுபத்தாறு வயது, முட்டி வீக்கம், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சட்னியும் டிபனும் பழையபடி என்னிடம் வந்துவிட்டன. உன் அண்ணன் என்னிடம் பேசுவதே இல்லை. நான் நடந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. கிழவியை நடக்கவிட்டுவிட்டு இவள் வீட்டில் இருக்கிறாள் என்று தெருவில் பேச்சு. எது உண்மையோ அதைச் சொன்னால் இன்னும் கேவலம், அதனால் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வரி எழுது. நலம் என்று மட்டுமாவது எழுது.
சத்தியப்பிரியா


வால்பாறை
23.2.2025

மதினிக்கு,

நலம்.

இந்த ஒரு வரியோடு நிறுத்தத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே செருப்பைப் போட்டேன். அதற்கப்புறம் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நீங்கள் சாமியை ஏமாற்றியது உங்களுக்கும் சாமிக்கும் உள்ள வழக்கு. அம்மாவை ஏமாற்றியதைக்கூட நான் விட்டுவிடுவேன். ஆனால் இந்த மாதமும் இல்லை என்று நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்டேன், மதினி. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி மறுநாள் ஷூவை மாட்டினீர்கள்? வெட்கப்பட வேண்டியவர் நீங்கள், நான் பட்டேன். அதை நான் மறக்க மாட்டேன். மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லவும் மாட்டேன்.

என் பெயரை வைத்து அந்த ஒரு மணி நேரத்தை வாங்கினீர்கள். என்னிடம் கேட்டிருந்தால் அண்ணனைப் பிடித்து நானே நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேட்டிருப்பேன். உங்கள் அம்மா ஒற்றைக் காலோடு கட்டிலில் கிடந்ததை நானும்தான் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் கோபப்பட்டுத் தீர்ந்த பிறகு மனது லேசாகிவிட்டது. வயிற்றில் கை வைக்கும்போதெல்லாம் மதினி கொடுத்தது, மதினிக்கு எப்படி ஈடு செய்வேன் என்றுதான் முன்பு நினைப்பேன். இப்போது அப்படி இல்லை. நான் போட்டுக்கொண்ட ஊசி, நான் விழுங்கின மாத்திரை, எங்கள் இரண்டு பேருடைய பிள்ளை. யாருக்கும் நான் பாக்கி இல்லை. இதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமா, கூடாதா என்று தெரியவில்லை. சொல்லவில்லை.

பட்டுச்சேலை கிடையாது. வளைகாப்புக்கு வரும்போது பேசிக்கொள்வோம். அம்மாவின் கால் எப்படி இருக்கிறது? எனக்காக நடக்க வேண்டாம் என்று நான் போனில் சொன்னால் அழுகிறார். நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்.

பாண்டீஸ்வரி


காரைக்குடி
9.3.2025

அன்புள்ள பாண்டிக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்த முறை கை கூசாமல் எழுதுகிறேன் என்று சொன்னால் அது பொய். கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நீ எழுதியது அத்தனையும் சரி. ஆனால் அம்மாவின் கால் எப்படி என்று கேட்டிருந்தாய். இனி உன்னிடம் எதையும் மறைப்பதில்லை என்று வைத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். அம்மாவிடம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

மாசி பிறந்ததிலிருந்து அத்தை திரும்பி வர நேரமாகிக்கொண்டே போனது. முட்டி வலி என்று ஒரு நாளும் சொல்லவில்லை. எனக்குப் பொறாமை, ஆத்திரம். என் நேரத்தை எடுத்துக்கொண்டு போய் இவர் என்ன செய்கிறார் என்று, போன சனிக்கிழமை பள்ளிக்கூடம் விடுமுறை, பின்னாலேயே போனேன். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்றுதான் போனேன். எவ்வளவு கேவலமான எண்ணம் பார்.

கோயிலில் கும்பிட்டார். அப்புறம் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கல்லூரிச் சாலைக்கு வந்தார். அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு டீயும் ஒரு வடையும் வாங்கிக்கொண்டார். உன் அம்மா, பாண்டி. கடைத்தெருவில் தாகம் எடுத்தால்கூட வீட்டுக்கு வந்துதான் தண்ணீர் குடிப்பார். வடையைப் பிய்த்துப் பிய்த்து நிதானமாகத் தின்றுகொண்டு, போகிற வருகிற பிள்ளைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் எனக்குத் தெரியும். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் பார்ப்பதற்குள் திரும்பி வந்து சட்னி அரைத்தேன்.

அன்று மாலை உன் அண்ணனிடம், "நாளையிலேருந்து காலையில அடுப்படி ஒங்களுக்கு" என்றேன். "எதுக்கு? மறுபடியும் எதுவும் வேண்டிக்கிட்டியா?" என்று குத்தினார். பிள்ளைகள் இரண்டும் பார்த்துக்கொண்டிருந்தன. "இல்ல. எனக்கு நடக்கணும். அவ்வளவுதேன்" என்றேன். சொல்லும்போது ஏதோ திருடியவள் மாதிரி இருந்தது. வேண்டுதல் என்று பொய் சொன்ன அன்றுகூட இப்படி இல்லை. உன் அண்ணன் எழுந்து போனார். மறுநாள் உப்புமாவில் உப்பில்லை. பெரியவள் வாயைத் திறக்காமல் தின்றுவிட்டுப் போனாள். இரண்டாம் நாள் கொஞ்சம் தேவலை. இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் எழுந்துவிடுகிறார்.

நேற்றுக் கல்லூரிச் சாலையில் அத்தை எதிரே வந்துவிட்டார். ஒதுங்க இடமில்லை. இரண்டு பேரும் நின்றோம். "என்னடி இந்நேரத்துல இங்குட்டு?" என்றார், கொஞ்சம் அதட்டலாக.

"சும்மா நடக்க வந்தேன் அயித்தை."

சொல்லிவிட்டுத் திட்டு விழட்டும் என்று நின்றேன். அத்தை என்னைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் சும்மாத்தேன்" என்றார்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.
சத்தியப்பிரியா